தோணியின் இரண்டு நுனிகள்

ஏரிக்கரைப் புதரில் நெடுங்காதன் என்ற முயலும் அவன் மனைவி பூளையும் வாழ்ந்து வந்தார்கள். அவர்களிடம் பனைமரத்தைக் குடைந்து செய்த ஒரு பனந்தோணி இருந்தது.

மழைக்காலத்தில் ஏரி நிறைந்துவிடும். ஏரிக்குள் முளைத்த கருவேல மரங்கள் கழுத்துவரை மூழ்கிவிடும். அக்கரை போக அந்தத் தோணியை விட்டால் வேறு வழியில்லை. எலி, ஓணான், அணில் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள். நனைந்த மரத்தின் வாசனையோடு ஊர்க்கதையும் தோணியில் வரும். பிற்காலத்தில் நெடுங்காதன் அந்த நாட்களை நினைத்துக்கொண்டே இருப்பான். முதலில் சிரிப்பு வரும். கொஞ்சம் பொறுத்து வெட்கம் வரும்.

பின்நுனியில் துடுப்போடு அவன் உட்காருவான். முன்நுனியில் பூளை. நடுவில் பயணிகளும் மூட்டைகளும்.

முதல் விபத்து கல்யாணமான மறுவாரம் நடந்தது.

"முன்னால மரம் இருக்குங்க!" என்று பூளை கத்தினாள்.

"எனக்கே ஓட்டச் சொல்லித் தர்றியா?" என்றான் அவன். தோணி நேராக முள்ளுக்குள் போய் நின்றது. அன்று சாயங்காலம் வரை ஒருவர் காதிலிருந்து ஒருவர் முள் எடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், அது இனிமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது முறை தோணி சேற்றில் செருகிக்கொண்டது. "ஆழம் குறையுதுங்க!" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

"நீ கத்துறதாலதான் என் கை தடுமாறுது! இனிமேல் தோணியில நீ வாயே திறக்கக் கூடாது!"

பூளை வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை, தண்ணீருக்கடியில் இருந்த, வெட்டிய மரத்தின் மொட்டை ஒன்றின் மேல் தோணி ஏறிக் கவிழ்ந்தது. அணில் ஒரு வருஷமாகச் சேர்த்த புளியங்கொட்டை முழுவதும் ஏரிக்குள் போயிற்று.

"மொட்டை இருக்குன்னு ஏன் சொல்லல?" நனைந்த காதுகளை உதறிக்கொண்டு அவன் கேட்டான்.

"நீங்கதானே வாயைத் திறக்காதேன்னீங்க!"

"அடடா, என்ன ஜோடி! என்ன ஜோடி!" என்றது அணில். அதற்குமேல் அழுவதா சிரிப்பதா என்று அதற்குத் தெரியவில்லை.

அதன்பிறகு யாரும் அந்தத் தோணியில் ஏறவில்லை. 'நீந்தத் தெரிஞ்சா ஏறு முயல் தோணி' என்று தவளைகள் பாட்டுக் கட்டின.

ஒரு அடைமழையின் மூன்றாம் நாள் காலை, காடை ஒன்று ஓடி வந்தது.

"முயலண்ணே! என் கூட்டுக்குப் பக்கத்துல தண்ணி வந்துடுச்சு. நாலு முட்டை இருக்கு. அக்கரை மேட்டுல விட்டுடுங்க!"

"எங்க தோணியிலயா?" என்றான் நெடுங்காதன்.

"வேற தோணி இருந்தா இங்க வருவேனா? நான் பறந்துடுவேன் அண்ணே. முட்டை பறக்குமா?"

பூளை காய்ந்த புல்லைத் தோணியின் நடுவில் பரப்பினாள். முட்டைகளை வைத்தார்கள். காடை அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டது.

பாதி ஏரியில், இரண்டு வரிசைக் கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது. சீக்கிரம் போய்விடலாம் என்று நெடுங்காதன் தோணியை அதற்குள் விட்டான்.

"வேண்டாங்க!" என்றாள் பூளை. "தண்ணி இழுக்குது. அந்தப் பக்கம் கலிங்கு!"

ஏரி நிறைந்தால் மிச்ச நீர் கலிங்கின் வழியே பள்ளத்தில் கொட்டும். அதில் விழுந்த எதுவும் மேலே வந்ததில்லை.

"எனக்குத் தெரியும்!" என்றான் அவன். சொல்லி முடிக்கும்போதே அவனுக்கும் அந்த இரைச்சல் கேட்டது. அவசரமாகத் தோணியைத் திருப்பினான். இரண்டு பக்கமும் மரம். தோணி ஒருக்களித்தது. முட்டைகள் உருண்டன.

"ஐயோ, என் பிள்ளைங்க!" காடை இறக்கையை விரித்து அவற்றை அணைத்துக்கொண்டது.

"திருப்பாதீங்க!" என்றாள் பூளை. "பனந்தோணிக்கு ரெண்டு நுனியும் ஒண்ணுதான். உங்க பக்கம் முன்பக்கமா இருக்கட்டும். துடுப்பை இங்க குடுங்க!"

அவன் கை ஒரு கணம் துடுப்பை இறுக்கிக்கொண்டது. அந்த ஒரு கணத்தில் தோணி கலிங்கை நோக்கி இன்னும் ஒரு முழம் போயிற்று. பிறகு கொடுத்தான்.

திரும்பி உட்கார்ந்து, எதிரே இருந்த கிளைகளைப் பிடித்து இழுத்தான். முள் உள்ளங்கையில் ஏறியது. விடவில்லை. பின்னால் பூளை துடுப்புப் போட்டாள். தோணி அங்குலம் அங்குலமாக வந்த வழியே நகர்ந்தது.

"மொட்டை! மொட்டை!" என்று அவன் அலறினான்.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்!"

"எவ்வளவு தூரத்துல?"

"ஒரு தோணி நீளம்!"

அவள் துடுப்பை மெல்லச் சாய்த்தாள். தோணி விலகிப் போயிற்று. அந்த இரண்டு கேள்விகளையும் இத்தனை வருஷத்தில் அவளிடம் தான் ஒருமுறைகூடக் கேட்டதில்லையே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சந்திலிருந்து வெளியே வந்து, ஏரியைச் சுற்றி, அக்கரை சேர்ந்தார்கள். காடை முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. நான்கும் முழுசாக இருந்தன.

பூளை அவன் கையிலிருந்து முள் எடுத்தாள்.

"முன்னால உட்கார்ந்தா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டான்.

"எப்படி?"

"எல்லாம் தெரியுது. ஒண்ணும் செய்ய முடியல."

"ஆமாங்க" என்றாள். அடுத்த முள்ளைத் தேடினாள். திட்டியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதுமுதல் ஒவ்வொரு பயணத்திலும் ஏரியின் நடுவில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். பூளையும் ஒருமுறை தோணியைச் சேற்றில் செருகினாள். இருவரும் இறங்கித் தள்ளினார்கள். சேறும் சிரிப்புமாக வீடு வந்தார்கள். எத்தனையோ மழைக்காலங்கள் அப்படிப் போயின. முதல் நாளே துடுப்பைக் கொடுத்திருந்தால் அப்படிப்பட்ட மழைக்காலங்கள் இன்னும் எத்தனை இருந்திருக்கும் என்பதுதான் நெடுங்காதனுக்குத் தீராத கேள்வி.

வாழ்க்கைத் துணையின் கண்ணை நம்பி, துடுப்பையும் அவர் கையில் காலத்தோடு கொடுப்பவரே பத்திரமாகக் கரை சேர்வார்.