முள்ளில் தொங்கிய வால்கள்

கருவேலங்காட்டு ஏரிக்கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தில், ஒரு நரி வளை தோண்டி நாலு குட்டிகளோடு குடியிருந்தது. தவிட்டு நிறம். அதனால் காட்டு விலங்குகள் எல்லாம் அதைத் தவிட்டி என்றே கூப்பிட்டன. கெட்டிக்கார நரிதான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை.

ஏரியில் தாரா என்ற காட்டுவாத்தும் நீர்க்கோழியும் கூட்டம் கூட்டமாக இறங்கும். அவற்றை வேட்டையாடிப் பிழைக்கும் விலங்குகள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தன. பறவைகள் முட்டையிடும் மாதங்களில் ஏரிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. மற்ற மாதங்களில் எட்டு நாளைக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து வேட்டைக்குப் போகலாம், கிடைத்ததைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வேட்டையில் பங்கு வேண்டுமென்றால் காவலிலும் பங்கு எடுக்க வேண்டும். சும்மா வந்து வாயைத் திறக்கிறவனுக்கு ஓர் இறகுகூடக் கிடையாது.

காவல் என்றால் முக்கியமாகப் பெருச்சாளியை ஒழிப்பது. பெருச்சாளி கூட்டில் இருக்கும் முட்டைகளைத் தின்னும். மண்கரையைக் குடைந்து உள்ளே வீடு கட்டும். கரை உடைந்தால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் பறவைகளும் போய்விடும். அப்புறம் வேட்டை ஏது? அதனால் கரையை ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்திருந்தன. மதகுப் பக்கம் கூர்மூக்கன் என்ற கீரிக்கு. வடகோடி பரட்டை என்ற காட்டுப்பூனைக்கு. நடுக்கரை தவிட்டிக்கு. பெருச்சாளியைக் கொன்றவர் அதன் வாலைக் கொண்டுவந்து மதகடிக் கருவேல மரத்தின் முள்ளில் குத்திவைக்க வேண்டும். நிறைய வால் குத்தியவருக்குத் தாராவின் தொடை முதலில் கிடைக்கும்.

புரட்டாசி மாதம் ஒரு காலையில் தவிட்டி தன் பகுதியில் ஒரு பெருச்சாளி வளையைத் தோண்டியது. வளைக்கு ஐந்து வாசல். ஒன்றில் தோண்டினால் உள்ளே இருப்பது இன்னொன்றின் வழியாக ஓடியது. வெயில் ஏறிவிட்டது. கீழே குட்டிகள் பாலுக்குக் கத்தின. கடைசியில் குந்தாணி என்ற கிழட்டுப் பெருச்சாளி தவிட்டியின் காலடியில் சிக்கியது.

"அக்கா! அக்கா! கொன்னுடாதே!" என்று கீச்சிட்டது குந்தாணி. "உனக்கு வேண்டியது என் வால்தானே? கடிச்சு எடுத்துக்க! உசிரை மட்டும் விட்டுரு!"

"உன்னை விட்டா எனக்கு என்னடா லாபம்?"

"லாபமா? எட்டு நாளைக்கு ஒருக்கா எங்க கூட்டத்துல ரெண்டு மூணு பேரு வளை வாசலுக்கு வந்து வாலை நீட்டுவாங்க. நீ தோண்டவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். பிள்ளைங்களுக்குப் பாலைக் கொடுத்துட்டு நிம்மதியாப் படுத்துக்க!"

தவிட்டி யோசித்தது. முள்ளில் வால் தொங்குகிறதா என்றுதான் எல்லாம் பார்க்கின்றன. வாலுக்குச் சொந்தக்காரன் செத்தானா, பிழைத்தானா என்று இதுவரை யார் கேட்டார்கள்? தோண்டித் தோண்டி நகமெல்லாம் தேய்ந்ததுதான் மிச்சம். அது குனிந்து வாலை நறுக்கென்று கடித்து எடுத்தது. குந்தாணி வலியில் துள்ளிக்கொண்டு வளைக்குள் மறைந்தது.

அன்றிலிருந்து தவிட்டியின் பாடு கொண்டாட்டம்தான். குட்டிகளோடு வெயில் காய்ந்தது. கடைக்குட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. அம்மாவின் வால் நுனியை வாயில் கவ்விக்கொண்டால்தான் தூக்கம் வரும். தவிட்டி அசையாமல் படுத்துக் கொடுத்தது. எட்டாம் நாள் எழுந்துபோய் வால்களை வாங்கி முள்ளில் குத்தியது. கருவேல மரத்தில் அதன் கிளைதான் நிறைந்து தொங்கியது.

"தவிட்டியக்காவைப் பாருங்க! பிள்ளைக்காரி! அவ எவ்வளவு உழைக்கிறா!" என்றது பரட்டை. தாராவின் தொடை தவிட்டிக்கே வந்தது. முதல் முறை மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றது. இரண்டாம் முறை மரத்தைப் பார்த்தபடியே தின்றது.

ஐப்பசியில் முதல் தூறல் விழுந்ததும் கூர்மூக்கன் வந்து சேர்ந்தது.

"அக்கா, உன் பகுதி வழியா வந்தேன். வெளிப்பக்கம் மண்ணு ஈரமா இருக்கு. காலு புதையுது. எதுக்கும் ஒருக்கா தோண்டிப் பார்ப்போமா?"

தவிட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "மரத்துல என் வாலையெல்லாம் பார்த்தியா?" என்று கேட்டது.

"பார்த்தேன்."

"உன் வால் எத்தனை?"

கீரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "கம்மிதான்."

"அப்போ உன் பகுதியைப் போய்ப் பாரு தம்பி!"

கூர்மூக்கன் திரும்பிப் போனது. அது கண் மறைந்ததும் தவிட்டி குந்தாணியின் வளைக்கு ஓடியது.

"ஏய் குந்தாணி! கரை ஈரமாயிருச்சு! தோண்டுறதை நிறுத்துங்க!"

வால் இல்லாத பெருச்சாளி மெல்ல வெளியே வந்து உட்கார்ந்தது. அதன் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெருச்சாளிகள். எதற்கும் வால் இல்லை. எல்லாம் தின்று கொழுத்திருந்தன.

"நீ வால் கேட்டே, கொடுத்தோம்," என்றது குந்தாணி. "தோண்டாதேன்னு நீ கேட்கலையே! எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. வீடு வேண்டாமா?"

தவிட்டி பாய்ந்தது. அவை ஆளுக்கொரு வாசலில் புகுந்து மறைந்தன. இப்போது வாசல் ஐந்து அல்ல, இருபதுக்கு மேல் இருந்தது. தனி ஒரு நரியால் ஆகிற காரியமில்லை. கூர்மூக்கனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் மானம் போகும், தாராத் தொடை போகும். தவிட்டி வாசல்களைக் காலால் மண்ணைத் தள்ளி மேலாக மூடிவிட்டுத் தன் வளைக்குத் திரும்பியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தது!

மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஏரி விளிம்பு வரை தளும்பியது. நான்காம் நாள் காலையில் கூர்மூக்கன் எல்லாவற்றையும் கூப்பிட்டது.

"வடகோடியில கரை தாழ்ந்திருக்கு! எல்லாரும் அங்கே வாங்க! மண்ணு போட்டு உயர்த்தணும்!"

"நடுக்கரைக்கு யாரும் வேண்டாமா?" என்று கேட்டது கூட்டத்தில் இருந்த ஓர் உடும்பு.

"அது தவிட்டியக்கா பகுதி. அங்கே பெருச்சாளியே கிடையாது. கல்லு மாதிரி இருக்கும்!" என்றது பரட்டை.

தவிட்டியும் மற்றவற்றோடு நடந்தது. வேறு என்ன செய்ய முடியும்? வடகோடியில் வாயால் மண்கட்டியைக் கவ்விக் கவ்விப் போட்டது. கண் மட்டும் நடுக்கரைமேல் இருந்தது. அங்கே கரைக்கு அந்தப் பக்கம், கீழே, நாலு குட்டிகளும் தூங்கிக்கொண்டிருந்தன.

திடீரென்று அது பார்த்தது. நடுக்கரையின் வெளிப்பக்கம் விரல் அளவுக்குத் தண்ணீர் பீறிட்டது. சேற்றுத் தண்ணீர்.

கத்த வாயைத் திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது. சுற்றிலும் எல்லாம் அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. 'சின்ன ஓட்டைதான். யாருக்கும் தெரியாமல் நானே ஓடிப்போய் அடைத்துவிடலாம்' என்று ஒரு நினைப்பு வந்தது. இரண்டு அடி எடுத்து வைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டை கை அகலம் ஆனது.

"ஐயோ! என் கரை உடையுது!" என்று அலறியது தவிட்டி. "நான் ஒண்ணையும் கொல்லலை! வாலை மட்டும் வாங்கிட்டு உசிரோட விட்டுட்டேன்! எல்லாம் உள்ளே குடைஞ்சிருச்சு! என் பிள்ளைங்க கீழே இருக்குங்க! வாங்க! வாங்களேன்!"

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டவும் இல்லை. எல்லாம் ஓடின. கூர்மூக்கன்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. குட்டிகள் இருந்த வளைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சேறு இறங்கி வாசலைப் பாதி அடைத்துவிட்டதால் நரி நுழைய இடமில்லை. கீரி உள்ளே புகுந்து ஒரு குட்டியை இழுத்து வந்தது. பரட்டை அதைக் கழுத்தில் கவ்வி மேட்டில் போட்டது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. கூர்மூக்கன் மூச்சு வாங்கிக்கொண்டு நாலாவது முறை தலையை நுழைத்தது.

அந்த நேரம் கரை பிளந்தது. பரட்டை கீரியின் வாலைப் பிடித்து இழுக்காவிட்டால் அதுவும் போயிருக்கும். வளை இருந்த இடத்தில் செந்நிற வெள்ளம்தான் ஓடியது. கடைக்குட்டி வரவில்லை.

இரண்டு நாளில் ஏரி வற்றிச் சேறானது. கூடுகள் சரிந்தன. தாராக்கள் வேறு திசைக்குப் பறந்தன. குந்தாணியும் அதன் கூட்டமும் தாங்கள் தோண்டிய வீட்டோடு போய்விட்டன.

தவிட்டி கருவேல மரத்தடிக்கு வந்தது. தன் கிளையில் இருந்த வால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டது. முள் குத்தி வாயில் ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை. எல்லா விலங்குகளும் நின்று பார்த்தன.

"என்னைத் துரத்திருங்க," என்றது தவிட்டி. "நான் போயிடுறேன்."

கூர்மூக்கன் கீழே கிடந்த வால்களைக் காலால் ஒதுக்கியது. பிறகு சொன்னது: "துரத்தினா கரையை யாரு கட்டுறது? நீ செஞ்சது பெரிய பாவம் அக்கா. ஆனா நானும் அன்னிக்கு ஈர மண்ணை மிதிச்சுட்டு நீ குத்தின வாலுங்களை நம்பித்தான் திரும்பிப் போனேன். நாங்க எல்லாரும் மரத்தைப் பார்த்தோம், கரையைப் பார்க்கலை. இனிமே மரத்துல யாரும் வால் குத்த வேண்டாம். ஒவ்வொருத்தர் பகுதியையும் பக்கத்துப் பகுதிக்காரர் தினமும் நடந்து பார்க்கட்டும்."

மீதியிருந்த வால்களையும் பிடுங்கிப் போட்டன. அன்றே மண் சுமக்கத் தொடங்கின. கரை எழும்ப ஒரு கோடை முழுவதும் ஆனது. அடுத்த மழைக்குத் தண்ணீர் நின்றது. அதற்கும் அடுத்த ஆண்டுதான் ஏழெட்டு நீர்க்கோழிகள் வந்து இறங்கின. விலங்குகள் அவற்றை ஒன்றும் செய்யாமல் விட்டன.

தவிட்டி தினமும் காலையில் தன் பகுதியை மட்டுமல்ல, கரை முழுவதையும் நடந்து பார்க்கும். நடுக்கரை வந்ததும் கொஞ்சம் நிற்கும். கீழே குனிந்து பார்க்கும். படுக்கும்போது வால் நுனியை முன்பு போலவே ஒரு பக்கமாக நீட்டி வைத்துக்கொள்ளும்.

ஊருக்குப் பொதுவான காவலில் வேலையைச் செய்யாமல் வேலை செய்த அடையாளத்தை மட்டும் காட்டுகிறவன், முதலில் தன் வீட்டைத்தான் வெள்ளத்துக்குக் கொடுக்கிறான்.