கூகைமலைச் சுனையும் மூன்று ஊர்ச் சபைகளும்

ராஜா தலைநகரத்திலும் காட்டுப்பன்றி மலையிலும் இருந்தவரை, குடியானவன் நிம்மதியாகக் கஞ்சி குடித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துக் கதை இது. பெரியவர்களும் கேட்கலாம், பெரியவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

கூகைமலை என்று ஒரு மலை. அதைச் சுற்றி, அடுப்புக்கு வைத்த கல் மாதிரி மூன்று ஊர்கள். செம்மண் பூமியில் செம்மண்ணூர். கரிசல் பூமியில் கரிசலூர். மணல் பூமியில் மணற்குடி. மூன்று ஊருக்கும் தனித்தனியே சபை உண்டு, தலைவர் உண்டு. குளம் வெட்டுவதும் வழக்குத் தீர்ப்பதும் பயிரைக் காப்பதும் அந்தந்தச் சபையின் பாடு.

மணற்குடிக்கு அந்த வருஷம் மருதாயி தலைவி. பெண்பிள்ளை எப்படித் தலைவி ஆனாள் என்று புருவத்தைத் தூக்காதீர்கள். பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அவள் பேர் வந்தது. இன்னொரு தரம் குலுக்கச் சொன்னார் ஒருவர். மறுபடியும் அவள் பேரே வந்தது. மூன்றாம் தரம் குலுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பதவி வந்தது; கூடவே பழைய பன்றித் தொல்லையும் வந்தது. மலைப்பன்றிகள் கூட்டம் கூட்டமாக இறங்கி வயலில் புகுந்தன. போன அறுப்பில் பாதித் தினை அவற்றின் வயிற்றுக்குள் போனது. இந்த அறுப்பும் போனால் பட்டணத்துக்கு மூட்டை தூக்கப் போய்விடுவோம் என்று பல குடும்பங்கள் சொல்லிவிட்டன. மருதாயியின் தம்பி சடையன் சொல்லக்கூட இல்லை. பானை சட்டியைக் கட்டியே வைத்துவிட்டான். அவனோடு அவன் பிள்ளைகள் இரண்டும் போகும். பிள்ளையில்லாத மருதாயிக்கு அந்த இரண்டும்தான் உலகம். கட்டி வைத்த பானைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார்த்திக்கொள்வாள்.

மூன்று ஊரிலும் ஒரு வழக்கம் இருந்தது. பன்றியை ஊர் எல்லை தாண்டி விரட்டுகிற பறைக்காரருக்குச் சபையில் தலைப்பாகை கட்டி மரியாதை செய்வார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் பன்றி என்ன ஆனது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது அடுத்த ஊர்க் கவலை அல்லவா? மருதாயியும் வழக்கத்தை விடவில்லை. பறைகளை இரண்டு மடங்காக்கினாள். தலைப்பாகைகளைத் தன் கையாலேயே கட்டிவிட்டாள்.

பறை பெருகியது. தலைப்பாகை பெருகியது. பன்றியும் பெருகியது.

ஒரு விடியற்காலையில் மருதாயி வயல் பார்க்கப் போனாள். தினைக்கு நடுவில் ஒரு கிழட்டு ஆண் பன்றி, மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி, அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் காய்ந்த செம்மண். காலில் ஈரமான கரிசல் சேறு. மணற்குடியில் இரண்டுக்கும் வழியில்லை.

மருதாயி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் ஊர்க்காரர்கள் பன்றியை விரட்டுவது செம்மண்ணூருக்கு. செம்மண்ணூர்க்காரர்கள் விரட்டினால் அது கரிசலூருக்குப் போகும். கரிசலூர்க்காரர்கள் விரட்டினால் நேரே இங்கே வரும். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. கடைசியில், தான் கட்டிவிட்ட தலைப்பாகைகளை நினைத்து வெட்கம் வந்தது.

சபையைக் கூட்டிச் சொன்னாள். ஒரு கிழவர் துள்ளி எழுந்தார்.

"அப்போ கரிசலூர்க்காரன்தான் நம்ம குடியைக் கெடுக்கிறான். போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேட்போம்."

"கேளுங்க பெரியப்பா. அவன் செம்மண்ணூரைக் காட்டுவான். செம்மண்ணூர்க்காரன் நம்மளைக் காட்டுவான். கடைசியில என்னைய வந்து கேளுங்க" என்றாள் மருதாயி.

கிழவர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால்தான் உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல். அழைக்காமல் அடுத்த ஊர்ச் சபைக்குப் போவது தலைவருக்குக் கேவலம். ஆள் விட்டு அழைப்பதோ, எங்களால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது போல. ஆகவே தாத்தா காலம் தொட்டு யாரும் போகவில்லை, யாரும் அழைக்கவுமில்லை.

மருதாயி மூன்று நாள் யோசித்தாள். பிறகு இரண்டு ஊருக்கும் ஆள் அனுப்பினாள். "மலை உச்சியில மூணு ஊர் எல்லையும் ஒண்ணு சேருது. அவங்கவங்க பாயை அவங்கவங்க எல்லைக்குள்ள விரிச்சு உட்காருவோம். யாரும் யார் ஊருக்கும் வரலை, யாரும் யாரையும் கூப்பிடலை. மோர் மட்டும் நான் கொண்டுவாரேன்."

இதில் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. கரிசலூர்த் தலைவர் கொற்றன் கனத்த உடம்புக்காரர். பாறைக்குப் பாறை உட்கார்ந்து மூச்சு வாங்கி ஏறினார். செம்மண்ணூர்த் தலைவர் ஆதிச்சன் ஒல்லி. ஆனால் நிமிர்ந்த தலையைக் குனியாமல் ஏறியதில் மூன்று இடத்தில் இடறினார். உச்சியில் மூன்று பாய்கள் விரிந்தன. நடுவில் மோர்ப்பானை. மூவருக்கும் நாக்கு வறண்டிருந்தது. ஆனாலும் முதலில் யார் குடிப்பது? யாரும் குடிக்கவில்லை.

"எங்க ஊர்ல பன்னித் தொல்லையே இல்ல. எல்லாத்தையும் விரட்டியாச்சு" என்றார் கொற்றன்.

"எங்க ஊர்லயும் ஒண்ணு பாக்கியில்ல" என்றார் ஆதிச்சன்.

"பேச வேண்டாம் அண்ணே, பார்ப்போம்" என்றாள் மருதாயி.

சொல்லி வாய் மூடவில்லை; கீழே மணற்குடியில் பறை முழங்கியது. இத்தனை நாழிகைக்கு அடிக்க வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். தினைக்குள்ளிருந்து பன்றிக் கூட்டம் சிதறி எழுந்து செம்மண்ணூருக்குள் ஓடியது. அங்கே பறை முழங்கியது. கூட்டம் கரிசலூருக்குள் ஓடியது. அங்கேயும் பறை முழங்கியது. கூட்டம் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே தினையைக் கடிக்க ஆரம்பித்தது. மூன்று ஊரிலும் ஜெயித்துவிட்டோம் என்று ஆரவாரம் கேட்டது.

கொற்றன் வானத்தைப் பார்த்தார். ஆதிச்சன் பாயில் கோரையைப் பிய்த்தார். மூவரில் ஒருவர் வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தவர் தலை குனிந்தாக வேண்டும். மருதாயிக்குச் சடையன் வீட்டுப் பானைகள் கண்ணுக்குள் வந்தன.

"ஆரம்பிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது அண்ணே. ஆனா பறையை ரெட்டிப்பாக்கினது நான். உங்க வெள்ளாமை அழிஞ்சதுல என் பங்கு பெரிசு. தப்புத்தான்."

ஆதிச்சன் கோரையை விட்டார். "நாங்க வேட்டைநாய் வாங்கி விட்டோம்" என்றார் மெதுவாக.

"நாங்க கொம்பும் சேர்த்து ஊதினோம்" என்றார் கொற்றன். பிறகு அவருடைய பெரிய வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"அதுசரி, மலையில இருந்ததுக ஏன் கீழே இறங்குச்சு?" என்று கேட்டார் ஆதிச்சன்.

பதில் பாய்களின் பக்கத்திலேயே இருந்தது. எல்லைகள் சேரும் இடத்தில் ஒரு சுனை. அதன் வாய்வரை மண் மூடி, மேலே முள் முளைத்திருந்தது. ஒரு காலத்தில் மூன்று ஊரும் கூடி வருஷா வருஷம் அதைத் தூர் வாரியது கொற்றனுக்கு ஞாபகம் வந்தது. வேலை முடிந்ததும் விருந்து. விருந்தில் முதல் வெற்றிலை எந்த ஊருக்கு என்று ஒரு வருஷம் சண்டை வந்தது. அதோடு போயிற்று தூர் வாருவது. அன்று முதல் சுனை எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. தண்ணீர் இல்லாத மலையில் பன்றி என்ன செய்யும்?

"வாரிட வேண்டியதுதான்" என்றார் கொற்றன்.

"வாரணும். முதல்ல எந்த ஊர் இறங்குறது?" என்றார் ஆதிச்சன்.

மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது பேச்சு. மருதாயி எழுந்தாள். சேலையை வரிந்து கட்டினாள். முள்ளை விலக்கிச் சுனைக்குள் இறங்கினாள்.

"வேலைக்கு நான் முதல். வெற்றிலைக்கு நான் கடைசி. எழுதி வச்சுக்குங்க" என்று சொல்லி ஒரு கை மண்ணை அள்ளி வெளியே போட்டாள். அது ஆதிச்சனின் பாயில் போய் விழுந்தது.

அவர் பாயையும் மண்ணையும் பார்த்தார். பிறகு அங்கவஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். கொற்றன் தனியாக மேலே நின்று என்ன செய்வார்? அவரும் இறங்கினார். உச்சி வெயிலில் மூவரும் கரையேறி மோர்ப்பானையைக் காலி செய்தார்கள். யார் முதலில் குடித்தார்கள் என்று மூவருக்குமே தெரியாது.

மறுநாள் முதல் மூன்று ஊர் ஆட்களும் மண்வெட்டியோடு மலையேறினார்கள். சில நாளில் பாறை இடுக்கில் ஊற்றுக்கண் திறந்தது. சுனை நிரம்பி வழிந்தது.

அடுத்து ஒரு விடியலில் மூன்று ஊர்ப் பறையும் ஒரே நேரத்தில் முழங்கின. இந்தத் தடவை எல்லையைப் பார்த்து அல்ல, மலையைப் பார்த்து. பன்றிகள் வழக்கம்போல அடுத்த ஊருக்கு ஓடிப் பார்த்தன, அங்கேயும் பறை. அதற்கடுத்த ஊருக்கு ஓடின, அங்கேயும் பறை. மூக்கைத் தூக்கி மோந்தன. மேலேயிருந்து தண்ணீர் வாசனை வந்தது. கிழட்டுப் பன்றி முன்னே நடக்க, கூட்டம் முழுவதும் மலையேறிப் போயிற்று.

அந்த அறுப்பில் மணற்குடிக் களத்தில் தினை குவிந்தது. சடையன் கட்டி வைத்த பானைகளை அவிழ்த்தான். அவற்றில் தினையை நிரப்பியது அவன் பிள்ளைகள்; பார்த்துக்கொண்டே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது மருதாயி.

மலை உச்சியில் மூன்று ஊருக்கும் விருந்து நடந்தது. வெற்றிலைத் தட்டு வந்தது. கொற்றன் அதை ஆதிச்சன் பக்கம் தள்ளினார். ஆதிச்சன் மருதாயி பக்கம் தள்ளினார். "நான்தான் கடைசின்னு அன்னைக்கே சொல்லிட்டேனே" என்று மருதாயி கொற்றனிடமே தள்ளினாள்.

"அதெப்படி தங்கச்சி? வருஷா வருஷம் நீயே கடைசியா இருந்தா எங்களுக்கு என்ன மரியாதை?" என்றார் கொற்றன்.

தட்டு மூன்று சுற்று வந்தது. வெற்றிலை வாடியே போனது. இன்றும் அந்த மலையில் சண்டை உண்டு என்கிறார்கள், கடைசி வெற்றிலை எங்களுக்குத்தான் வேண்டும் என்று.

கதை முடிந்தது; கேட்டவர்கள் இதை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்: தன் தொல்லையை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிறவன் வாசலுக்கு அது சுற்றித் திரும்பி வரும், தன் தப்பை முதலில் சொல்லி வேலையில் முதலில் இறங்குகிறவனோ எல்லா ஊரையும் சேர்த்துக் காப்பாற்றுவான்.