தக்கை மூழ்கும் நேரம்

டங்... டங்... டங்...

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. அரண்மனை மணி அடித்து ஓய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பிறகு இது எங்கிருந்து வருகிறது? தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நீங்கள் பயப்படாதீர்கள், பிள்ளைகளே. அது பேயுமில்லை, திருடனுமில்லை. ஆறுகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைத்திராத காலத்தில், ஓர் ஆற்றங்கரை நகரத்தை நியாயம் தெரிந்த ராஜா ஒருவர் ஆண்டு வந்தார். அவருடைய அரண்மனையில் நாழிகைக்காரராக இருந்தவர் அம்பலவர்.

நாழிகைக்காரர் என்றால் ஊருக்கு நேரம் சொல்பவர். தொட்டித் தண்ணீரில் வட்டில் என்கிற செப்புக் கிண்ணம் மிதக்கும். அதன் அடியில் ஊசித் துளை. தண்ணீர் ஏறி ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே வெண்கலத் தட்டை அடிக்க வேண்டும். வட்டிலை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட வேண்டும். மூழ்கும், அடிப்பார். மூழ்கும், அடிப்பார். நாற்பது வருஷம் இதே வேலை.

வயதானதும் ராஜா அவருக்கு ஓய்வு கொடுத்தார். ஓய்வு பெறுகிறவருக்கு அவர் கையாண்ட கருவியையே பரிசாகக் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். தச்சருக்கு உளி, சமையற்காரருக்குக் கரண்டி, அம்பலவருக்கு வட்டில்.

வினை அங்கேதான் தொடங்கியது. வீட்டில் சும்மா உட்கார அவருக்குத் தெரியவில்லை. அண்டாவில் தண்ணீரை நிரப்பினார், வட்டிலை மிதக்கவிட்டார். அது மூழ்கியதும் கை தானாகச் சோற்றுத் தட்டைத் தூக்கி அடித்தது.

ஊரில் இரண்டு மணியோசை ஆகிவிட்டது. எது எந்த நாழிகை என்று யாருக்கும் புரியவில்லை. குருக்கள் நடுச்சாமத்தில் சுவாமியை எழுப்பினார். தயிர்க்காரி விடியுமுன்பே கிளம்பிப் பள்ளத்தில் விழுந்தாள். காவலர்கள் கோட்டைக் கதவை முன்கூட்டியே திறந்துவிட, திருடர்கள் புகுந்து முப்பது பசுக்களை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ராஜா அம்பலவரை அழைத்தார்.

"உமக்கு மூன்று நாள் தருகிறேன். தினமும் நான் நினைத்த நேரத்தில் ஆள் வந்து நாழிகை கேட்பான். ஒரு தடவையாவது உமக்கு நேரம் தெரியாமல் போனால், நோய் தீர்ந்தது என்று நம்புவேன். இல்லையென்றால், உம்முடைய சத்தம் கேட்காத தூரத்துக்கு, ஆற்றுக்கு அக்கரையில் குடியேற வேண்டும்."

அக்கரை என்றால் காடு. வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி கோமளை தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வயசுல நரியோட குடித்தனம் பண்ணச் சொல்றீங்களா? ஏதாவது விளையாடுங்க, செடி கொடி ஏதாவது வைங்க. மனசு வேற பக்கம் திரும்பட்டும்!"

முதல் நாள் ஆடுபுலி ஆட்டம் ஆடினார். புலி பாயும் நேரத்தில் ஆள் வந்து கேட்டான். "சூரியன் உதித்துப் பதினொன்றே கால் நாழிகை" என்றார். சரியாக இருந்தது.

இரண்டாம் நாள் பூசணி நட்டார். தோட்டம் போட்டால் மனசு மாறும் என்றார்களே! ஆனால் ஒரு நாழிகைக்கு ஒரு செம்பு என்று கணக்காக ஊற்றினார். பொழுது சாய்வதற்கு முன்பே விதை மிதந்து வந்துவிட்டது. ஆள் வந்து கேட்டான். "இருபத்திரண்டு நாழிகை. நானே இருபத்திரண்டு செம்பு ஊற்றியிருக்கிறேனே!"

அன்று ராத்திரி கோமளை மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு அவன் கேட்டா, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் கோமு. நாற்பது வருஷத்துல ஒரு பொய் நேரம் சொன்னதில்லை."

"அப்போ நரிகிட்ட போய் நேரம் சொல்லுங்க" என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை. அவள் தூங்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் வானம் மூடிக் கிடந்தது. குடிசை போட இடம் பார்க்கலாம் என்று அம்பலவர் ஆற்றுத் துறைக்குப் போனார். பரிசல் ஓட்டும் காத்தாயி தூண்டில் போட்டுக் குந்தியிருந்தாள்.

"பரிசல்ல ஓட்டை, அடைச்சுட்டு வரேன். சும்மாதானே நிக்கிறீரு, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கும் தாத்தா. தக்கை உள்ளே போனா இழுக்கணும், அவ்வளவுதான்."

அம்பலவர் தக்கையைப் பார்த்தார். தண்ணீரில் ஒன்று மிதப்பதும் மூழ்குவதும் அவருக்குப் புதிதா என்ன! 'கால் நாழிகையில் மூழ்கும்' என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். மூழ்கவில்லை. 'அரை நாழிகை' என்று மாற்றினார். அப்போதும் இல்லை. சரி, இது மூழ்காது என்று முகத்தைத் திருப்பிய நொடியில் தக்கை சடக்கென்று உள்ளே போயிற்று. பதறி இழுத்தார். வெறும் முள்.

"ஏமாத்திட்டியே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். எப்போது மூழ்கும் என்று தெரியாத ஒன்றை அவர் பார்ப்பது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

மறுபடி போட்டார். ஒரு கெண்டை வந்தது. மறுபடி போட்டார். கை நீளத்துக்கு ஒரு விரால் வந்து, கரை ஏறும்போது துள்ளி ஓடியது. காத்தாயி ஓட்டையை அடைத்து, மூன்று நடை போய் வந்துவிட்டாள். "தாத்தா, என் தூண்டிலைக் கொடும்" என்றாள். அவர் காதில் விழவில்லை.

"நாழிகை என்ன, அம்பலவரே?"

அரண்மனை ஆள் பின்னால் நின்றான். அம்பலவர் திரும்பினார். வானத்தைப் பார்த்தார், மேகம். உள்ளே தேடிப் பார்த்தார், அங்கேயும் மேகம்.

இடுப்பளவு நனைந்த வேட்டியோடு ராஜாவின் முன்னால் போய் நின்றார். "தெரியவில்லை, மகாராஜா."

"மெய்தானா?"

"மெய்தான். விரால் மட்டும் இவ்வளவு பெரியது, மகாராஜா! தப்பிவிட்டது" என்று இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "பொய் நேரம் சொல்லத் தெரியாத வாய் இது. நேற்றே தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாமே! சொல்லவில்லை. நீர் இக்கரையிலேயே இரும். நாளைக்கும் ஆற்றுக்குப் போம்."

அன்று வீட்டில் கெண்டைக் குழம்பு. விரால் தப்பிய கதையைக் கோமளை மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் விரால் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"விடிஞ்சதும் என்னை எழுப்பி விடு கோமு" என்றார், ஊரையே எழுப்பிய மனிதர்.

இரவு நாழிகை அடித்து முடித்து அவர் எந்நேரம் வருவாரோ என்று நாற்பது வருஷமாகக் கோமளை வாசல் கதவைத் தாழிடாமல் வெறுமனே சாத்தித்தான் வைத்திருந்தாள். ஒவ்வொரு ராத்திரியும் பயந்துகொண்டே படுத்தாள். அன்றைக்கு அவர் எழுந்து போனார். பழக்கமில்லாத தாழ்ப்பாள் முரண்டியது. தோளைக் கொடுத்துத் தள்ளி, உள்ளேயிருந்து தாழிட்டார்.

உழைத்து ஓய்ந்தவர், கணக்கை மறக்கவைக்கும் ஒரு சந்தோஷத்தைத் தேடிக்கொண்டால்தான் அவருக்கும் நிம்மதி, வீட்டுக்கும் உறக்கம்.