சிவக்காத வெள்ளைத் துணி

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். மாம்பழம் என்றால் அவனுக்கு உயிர். விசாரணை என்றால் கொட்டாவி. அதனால் சுருக்கமாக ஒரு சட்டம் போட்டிருந்தான். அடிபட்டதாக யார் வந்தாலும் வலிக்கிற இடத்தில் வெள்ளைத் துணியை ஒற்ற வேண்டும். துணி சிவந்தால் காயம். சிவக்காவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போ!

ஒருநாள் பல்லக்குத் தூக்கி மாசாணம் தோளைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தான். எதிரே நடந்து வந்த மந்திரி வெண்காடருக்கு அவன் வழிவிட்டானாம். பல்லக்கில் இருந்த பிரபு மழவரையருக்கு மந்திரி பெயரைக் கேட்டாலே வயிற்றெரிச்சல். கீழே இறங்கியதும் மணல் பையால் அவன் தோளில் ஓங்கிப் போட்டுவிட்டார். ரத்தம் வரக் கூடாது என்றுதானே மணல் பை! பாவி மனுஷன்!

"கையைத் தூக்க முடியலை சாமி. இந்தத் தோள் போச்சுன்னா எம் புள்ளைங்க கஞ்சிக்கு எங்கே போகும்?" என்று அழுதான் மாசாணம்.

துணியை ஒற்றினார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எல்லாம் நடிப்பு மன்னா!" என்றார் மழவரையர்.

"தீர்ப்பை நாளைக்கு வையுங்கள் மன்னா. அந்த மணல் பை மட்டும் என்னிடம் இருக்கட்டும்" என்றார் வெண்காடர்.

மறுநாள் ராஜாவின் முன்னால் இரண்டு மாம்பழம் வைத்தார். ராஜா ஆசையாக ஒன்றைக் கடித்தான்.

"த்தூ! உள்ளே கன்றிக் கூழாகிக் கிடக்கிறதே! எவன் என் பழத்தைக் கெடுத்தவன்?"

"யாரும் கெடுக்கவில்லை மன்னா. நேற்று இந்த மணல் பையால் நான்தான் ஒரு போடு போட்டேன். தோல் கிழியவில்லை, துணியில் ஈரம் ஒட்டவில்லை. உங்கள் சட்டப்படி பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றது அதே கொம்பில் காய்த்தது, அடிபடாதது. அதையும் ருசி பாருங்கள்."

அது தேனாக இனித்தது. ராஜா மாசாணத்தின் தோளையே பார்த்தான்.

மழவரையருக்கு வியர்த்துவிட்டது. "மன்னா, அது பழைய அடி! பல மாதமாகவே அந்தத் தோளில் சுமை தாங்காது!"

"அப்படியா? நேற்றுக் காலை உங்களை மலைக்கோயில்வரை சுமந்தது எந்தத் தோள்?" என்றார் வெண்காடர்.

மழவரையரின் பருத்த உடம்பைப் பார்த்துச் சபையே சிரித்தது.

ராஜா சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அந்த வெள்ளைத் துணியாலேயே மாசாணத்தின் கையைக் கழுத்தோடு தாங்கிக் கட்டினான். "கண்ணுக்குத் தெரியாத வலியை இல்லையென்று நினைத்துவிட்டேன் அப்பா, மன்னித்துக்கொள். தோள் ஆறும்வரை உன் கூலி மழவரையர் பொறுப்பு. வைத்தியர் வீட்டுக்கு நீ பல்லக்கில் போ. முன்தண்டை மழவரையரே தூக்கட்டும்!"

தெருமுனை தாண்டுவதற்குள் மழவரையருக்கு மூச்சு வாங்கியது. பல்லக்குக்குள்ளிருந்து மாசாணம் எட்டிப் பார்த்தான்.

"ஐயா, தோளை மாத்தி வச்சுக்குங்க. வெளியே தெரியாது, உள்ளே கன்னிப்போயிடும்."