நேரே நோக்கிய சிற்சபேசர்

ஆற்றங்கரை மடம் ஒன்றில் சிற்சபேசர் என்னும் சீடர் முப்பது ஆண்டுகளாகப் புராணம் வாசித்து வந்தார். அறுபத்தாறாம் வயதில், முதுமையால் அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தது. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டு நின்றது. சில காலம் மனப்பாடத்தைக் கொண்டு சமாளித்தார்; பிறகு அதுவும் கைகொடுக்கவில்லை.

அவரினும் பத்து வயது இளையவரான குரு அவரை நகரத்துக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். இழந்ததை மீட்க இயலாது, எஞ்சியதைக் கொண்டு வாசிக்கலாம் என்றார் மருத்துவர். அளந்து பார்த்து ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் மேசை விளக்கும் ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ஆறு நாள் பயிற்சியும் நடந்தது.

திரும்பி வந்த சீடர் அப்பெட்டியைத் திறவாமலே குருவின் முன் வைத்தார்.

"சாமி, இன்று மாலை முதல் வாசிப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்."

"கண்ணாடி உதவவில்லையா?"

"உதவுகிறது."

"விளக்கு?"

"நல்ல விளக்குதான்."

"பிறகு என்னதான் கேடு ஓய்?"

"வரிக்குச் சற்று மேலே பார்த்தால், கீழே எழுத்து தெரியும் என்று அங்கிருந்த பெண் பழக்கினாள். ஒரு பக்கம் தடையில்லாமல் வாசித்தேன்."

"வாசித்தீரல்லவா?"

"வாசித்தேன். ஆனால் ஏட்டை நேரே நோக்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு வாசிப்பது மரியாதையா, சாமி? ஏட்டையும் குருவையும் நேரே நோக்கவேண்டும் என்று தீட்சையன்று, உங்களுக்கு முன்பு குருவாக இருந்த பெரிய சாமி சொன்னாரே."

குரு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஆறு நாள் உமக்குப் பதிலாக நான் தொண்டை கட்ட வாசித்தேன். சபையில் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர், சிற்சபேசர் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்டார்கள். நீர் மரியாதை பேசுகிறீர்."

சீடர் தலை குனிந்தார்.

"என்னையும் நேரேதான் பார்க்கிறீரோ?"

"ஒரு நாளும் தவறியதில்லை."

"என்ன தெரிகிறது?"



"காவி தெரிகிறது. முகத்தில் திட்டு."

"எத்தனை நாளாய்?"

"இரண்டு வருஷமாய்."

"இரண்டு வருஷமாய் ஒரு திட்டையா ஓய் விழுந்து கும்பிட்டீர்?"

குரு மேலே விரலை நீட்டினார்.

"என் தலைக்கு மேலே அந்த உத்தரத்தைப் பாரும்."

"குரு எதிரில் இருக்க, உத்தரத்தையா?"

"பாரும் என்கிறேன்."

சீடர் கைகளைக் கூப்பியபடியே கண்களை மட்டும் மெல்ல உயர்த்தினார். உயர்த்திய கண்கள் அங்கேயே நின்றன. கூப்பிய கைகள் தளர்ந்தன.

"சாமி, தாடியை எப்போது எடுத்தீர்கள்?"

"போன மாசியில். ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது. பெட்டியைத் திறவும், சபை காத்திருக்கிறது."