நரி முத்திரைக் குடம்

முத்தூர்த்துறைப் பட்டணத்தில் கப்பலுக்கும் பஞ்சமில்லை, வம்புக்கும் பஞ்சமில்லை. அங்கே தையல்நாயகி என்று ஒருத்தி. புருஷன் கப்பலேறிப் போயிருந்தான்; இடுப்பில் கைக்குழந்தை. பிழைப்புக்காக ஒரு திருட்டு நரியின் கதையைத் துணி துணியாக வரைந்து மாலுமிகளிடம் கொடுத்தனுப்பினாள். கடல் தாண்டிக் கடாரத்தில் அந்த நரிக்கு ஏகக் கிராக்கி. இவள் முகத்தையே பார்த்திராத ஜனங்கள், "அடுத்த துணி எங்கே?" என்று பொற்காசு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

பொக்கிஷக்காரர் தனகோடிக்கு இது பொறுக்குமா? ராஜாவிடம் சொல்லி ஒரு சட்டம் போட வைத்தார். வெளிநாட்டுப் பொன் வாங்குகிறவர்கள் வீடு எது, பணப்பெட்டி எங்கே, சாவி எங்கே என்று சபையில் எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். கேட்டால், "கொடுக்கிறவனுக்கு நம்பிக்கை வர வேண்டாமா?" என்பார்.

முத்து விற்கும் செல்லாத்தாள் சட்டப்படி எல்லாவற்றையும் சபையில் சொன்னாள். அந்த வாரமே திருடர்கள் அவள் வீட்டுச் சுவரில் கன்னம் வைத்துப் பெட்டியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதனால், சபைக்கு இழுத்து வரப்பட்ட தையல்நாயகி பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை. திருடன் பெட்டியோடு போய்விடுவானா? சத்தம் கேட்டுக் குழந்தை அழுதால் அவன் என்ன செய்வான்? நினைக்கும்போதே குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

"சொல்லாவிட்டால் பொன் முழுக்க அரண்மனைக்கு," என்றார் தனகோடி.

ராஜா வீரகேசரிக்கு அவள் மேல் இரக்கம்தான். சுங்கத்தின் மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் இரக்கம். சபையின் விகடக்காரர் குழைக்காதர் பக்கம் திரும்பினார்.

"ஓய், பொன் இவள் கைக்கு வர வேண்டும். பெட்டி எங்கே என்று ஈ, காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது. என் சுங்கமும் குறையக் கூடாது. வழி உண்டா?"

"நாளைக்குச் சொல்கிறேன், மகாராஜா."

மறுநாள் சபையில் தையல்நாயகியும் நின்றிருக்க, குழைக்காதர் ஒரு பட்டுப் பையோடு வந்தார். பை கனத்துத் தொங்கியது.

"தனகோடியாரே, வெளிநாட்டு அன்பர் ஒருவர் உமக்குக் கொடுக்கச் சொன்னார்."

தனகோடியின் கை தானாக நீண்டது. "கொடும், கொடும்."

"கொடுக்காமலா? ஆனால் சட்டம் இருக்கிறதே. வீடு?"

"கீழவீதி. ஊருக்கே தெரியும்."

"பெட்டி எந்த அறையில்?"

"அது... உள் அறையில்."

"ஒரு பெட்டிதானா, இல்லை மச்சிலும் இருக்கிறதா? சாவி உம் இடுப்பிலா, வீட்டம்மா இடுப்பிலா? வாசல் நாய் கடிக்குமா, சும்மா குரைக்குமா?"

சபை கிளுகிளுத்தது. ராஜா சிம்மாசனத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மச்சில் இருக்கிறதா, தனகோடி? எனக்கும் தெரியாதே."

தனகோடிக்கு வேர்த்துக் கொட்டியது. "அதெல்லாம் உமக்கு எதற்குங்காணும்? கொடுக்கிறவனுக்கு என் பெட்டி எதற்கு? கொண்டு வந்ததைக் கையில் கொடுத்துவிட்டுப் போமே."

"கேட்டீர்களா, மகாராஜா? இந்தப் பெண் பயத்தில் சொல்ல முடியாமல் நின்றதைப் பொக்கிஷக்காரரே சொல்லிவிட்டார்." குழைக்காதர் பையைத் தனகோடி கையில் வைத்தார். உள்ளே புளியங்கொட்டை.

ராஜா சிரித்து ஓய்ந்து, "சரி, கடாரத்துக்காரன் பொன் கொடுக்க இவள் கையை எங்கே தேடுவான்?" என்றார்.

"அவனுக்கு இவள் கை வேண்டாம், நரி போதும். துறைமுகத்தில் கோயில் உண்டியல் மாதிரி வாய் குறுகிய செப்புக்குடம் ஒன்று வைப்போம். மேலே நரி முத்திரை. மாலுமிகள் கொண்டுவரும் காசு உள்ளே போகும், கை போகாது. பூட்டு இரண்டு. ஒரு சாவி சுங்க அதிகாரியிடம், மற்றது இவளிடம். இருவரும் சேர்ந்து திறந்து, உங்கள் பங்கை அங்கேயே எடுத்துக்கொள்ளட்டும். மீதி இவள் மடிக்கு. மடியிலிருந்து எங்கே போகிறது என்பது அவள் பாடு."

"அப்படியே ஆகட்டும். தனகோடி, நாளைக்கு உம் மச்சைப் பார்க்க வருகிறேன்."

அன்று மாலையே துறைமுகத்தில் குடம் உட்கார்ந்தது. ராஜாவே பார்க்க வந்தார். தையல்நாயகியை அருகே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, அந்த நரி பாழுங்கிணற்றில் விழுந்ததோடு நிறுத்திவிட்டாயே. அது மேலே வந்ததா, இல்லையா?"

தையல்நாயகி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"வந்தது, மகாராஜா. எப்படி வந்தது என்பது அடுத்த துணியில் இருக்கிறது." கையைக் காட்டினாள். "குடம் அதோ இருக்கிறது."

துறைமுகமே அதிரச் சிரித்துக்கொண்டு ராஜா தம் மோதிரத்தைக் கழற்றிக் குடத்துக்குள் போட்டார்.