மூன்றாவது கம்பி

எங்கள் ஊரில் புத்திசாலிகளே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் படித்து வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் கிடந்த நாங்கள் மூன்று பேர் சேர்ந்து விடிவெள்ளி இன்னிசைக் குழுவை ஆரம்பித்தோம்.

கிட்டார் கஸ்பார். அவன்தான் தலைவன், ஏனென்றால் மைக்செட் அவன் வீட்டில் இருந்தது. டோலக் சிலுவை. மூன்றாவது ஆள் லியோன், அதாவது நான். எனக்குச் சுருதியும் வராது, தாளமும் வராது என்பதால் குலுக்குகிற கிலுக்கை ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். குழுவின் மூளை நான்தான் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு இருந்தது வருடத்துக்கு ஒரே ஒரு மேடை, மாதா கோயில் திருவிழா. போன வருடம் அதுவும் கெட்டுப்போனது. பாட்டின் நடுவில் கஸ்பாரின் கிட்டார் கம்பி அறுந்து சிலுவையின் மூக்கில் அடித்தது. அவன் மைக் முன்னால் சொன்ன வார்த்தை கோயில் கோபுரம் வரைக்கும் கேட்டது.

பங்குச் சாமியார் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "வர்ற திருவிழாதான் கடைசி. மேடையில ஒரு கம்பி அறுந்தாலும், அடுத்த வருசத்துல இருந்து வெளியூர்க் குழுதான்."

இந்த நேரம் பார்த்துத்தான் கப்பலில் வேலை பார்க்கும் தொம்மை மாமா, கஸ்பாருக்கு ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார் அனுப்பி வைத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது பார்க்க இஸ்திரி மேசை மாதிரி நாலு காலில் நிற்கும். மேலே பத்துக் கம்பி, கீழே தையல் மிஷின் மாதிரி மிதிகட்டை. உட்கார்ந்து வாசிக்க வேண்டிய வாத்தியம். இது தெரியாமல் கஸ்பார் முதல் நாள் அதை வார் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். நானும் சிலுவையும் ஆளுக்கு இரண்டு காலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தோம்.

கப்பலில் வந்ததால் கம்பி எல்லாம் உப்புக்காற்றில் துருவேறியிருந்தது. என்ன கம்பி போடுவது என்று கேட்டதற்கு மாமா போனில் பேசி அனுப்பியிருந்தார்:

"ஏல கஸ்பாரு, கவனமாக் கேளு. கம்பி வாங்கப் போனா கடைக்காரன் பேச்சைக் கேக்காத. நிக்கல்னும் இருக்கு, ஸ்டீல்னும் இருக்கு. தட்டிப் பாத்து, உங்காதால கேட்டு எடு. பழசை மொத்தமாக் கழட்டிராத. ஒண்ணைக் கழட்டு, ஒண்ணைப் போடு, அடுத்ததுக்குப் போ. மூணாவது கம்பிதான் எப்பவும் அறும், பாத்துக்க."

அதோடு கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டது. அவருக்கு அப்புறம் போன் கிடைக்கவில்லை.

தூத்துக்குடியில் இசைக்கருவிக் கடை வாசலிலேயே எங்களுக்குச் சிக்கல் வந்தது.

"கடைக்காரன் பேச்சைக் கேக்கக் கூடாதுன்னா காதுல பஞ்சு வைக்கணும்" என்றான் சிலுவை.

"பஞ்சு வச்சா கம்பிச் சத்தம் எப்படில கேக்கும்?" என்றான் கஸ்பார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்தேன். "காது ரெண்டு இருக்குல்லா. ஒண்ணு கம்பிக்கு, ஒண்ணு கடைக்காரருக்கு" என்றேன். இதைச் சொன்னபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூன்று பேரும் உள்ளே போனோம். கடைக்காரர் பக்கம் எப்போதும் இடது காதுதான் இருக்க வேண்டும் என்பதால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தோம். பாவம், அவர் நல்ல மனுஷர். என்னமோ சொல்ல வலது பக்கம் வந்தார். நாங்கள் சட்டென்று திரும்பிக்கொண்டோம். அவர் மறுபடி சுற்றி வந்தார், நாங்களும் சுற்றினோம். கொஞ்ச நேரத்தில் அவர் தலை சுற்றி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் வேலையை முடித்தோம். சிலுவை கம்பியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டான். கஸ்பார் மறுநுனியை இழுத்துப் பிடித்தான். நான் தட்டினேன். ஸ்டீல் கம்பியைத் தட்டியதும் "ஆத்தா!" என்று அலறினான் சிலுவை. நிக்கலைத் தட்டியபோது முகம் மட்டும் சுளித்தான்.

"நிக்கல்தான் நல்ல கம்பி. சொத்தைப் பல்லுக்கே இதமா இருக்கு" என்றான்.

பத்து நிக்கல் கம்பி போட்ட பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் வந்தோம்.

மறுநாள் காலையிலேயே கம்பி மாற்ற உட்கார்ந்தோம். மாமா சொன்ன முறைதான். ஒன்றைக் கழற்று, ஒன்றைப் போடு, அடுத்ததுக்குப் போ. கஸ்பார் முதல் கம்பியைக் கழற்றினான், போட்டான். அடுத்ததைக் கழற்றினான், போட்டான். பொழுது சாயும் நேரத்தில் பத்தும் முடிந்தது. விரலெல்லாம் வீங்கிப்போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. கழற்றிய கம்பியையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறான்.

"நல்ல கம்பில இது. இவ்வளவு வேலை பாத்தும் செலவே ஆவல பாரு" என்று சிலுவை பாக்கெட்டைத் தடவிக்கொடுத்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கஸ்பார் சுருதி கூட்டினான். டப்பென்று ஒரு கம்பி அறுந்தது. மூன்றாவது!

மூன்று பேரும் கிட்டாரை விட்டு எட்டப் போய் நின்றோம். மாமா சொன்னது அப்படியே நடந்துவிட்டதே.

"புதுசுல ஒண்ணை எடுத்துப் போடுவமா?" என்றான் கஸ்பார்.

"போட்டாலும் அது மூணாவதுதான? மேடையில அறுந்துட்டா?" என்றான் சிலுவை.

"அப்ப போடவே வேண்டாம். இல்லாத கம்பி எப்படி அறும்?" என்றேன் நான். இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ஆனால் சிலுவைக்கு மட்டும் முகம் தெளியவில்லை. ஒரு விரலால் கம்பிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு... ஏல, இந்த நாலாவதுதான இப்ப மூணாவது?"

எண்ணிப் பார்த்தோம். ஆமாம், சத்தமில்லாமல் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது. உடனே கழற்றினோம். அடுத்தது அந்த இடத்துக்கு வந்தது. அதையும் கழற்றினோம். எத்தனை கழற்றினாலும் மூன்றாவதாக ஒன்று வந்து நின்றுகொண்டே இருந்தது. நாங்களும் விடவில்லை. கடைசியில் இரண்டு கம்பி மிஞ்சியது. ஆளாளுக்குத் தனித்தனியாக எண்ணினோம். மூன்றாவது இல்லவே இல்லை. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

திருவிழா வந்தது. உண்மையைச் சொன்னால் மேடை ஏறும்போது எனக்கு ஒரே கவலைதான். இந்த மேடையும் போய்விட்டால் கிலுக்கையை எங்கே போய்க் குலுக்குவேன்? சாமியார் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கஸ்பார் மிதிகட்டையை மிதித்து இரண்டு கம்பியையும் ஒன்றாக இழுத்தான். "பாம்ம்ம்" என்று ஒரு சத்தம் எழுந்தது. பக்கத்துத் துறைமுகத்தில் கப்பல் வந்துவிட்டதென்று சுமை தூக்குகிறவர்கள் எழுந்து ஓடினார்கள். அடுத்த பாட்டும் "பாம்ம்ம்" என்றுதான் இருந்தது. ஓடியவர்கள் இன்னொரு கப்பல் என்று இன்னும் வேகமாக ஓடினார்கள். நாங்கள் மனம் தளராமல் எல்லாப் பாட்டையும் வாசித்து முடித்தோம். ஒரு கம்பியும் அறவில்லை.

சாமியார் மேடைக்கு வந்து கிட்டாரைக் குனிந்து பார்த்தார். "மத்த கம்பியெல்லாம் எங்கடே?"

"கழட்டிட்டோம் சாமி. அறுந்தா ஆபத்துல்லா" என்றான் கஸ்பார்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "குடுத்த வாக்கு குடுத்ததுதான். கம்பி அறல. அடுத்த வருசமும் நீங்களே வாசிங்க. ஆனா பத்துக் கம்பியோட வரணும். ஒண்ணு குறையக் கூடாது, ஒண்ணு கூடவும் கூடாது. சொல்லிட்டேன்" என்றார்.

எங்களுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மறுநாளே பாக்கெட்டைப் பிரித்துப் புதுக் கம்பி பத்தையும் மாட்டினோம். ஆனால் பத்துக் கம்பி இருந்தால் அதில் மூன்றாவது இருக்குமே! இரண்டு பேரும் மறுபடி என் முகத்தைப் பார்த்தார்கள்.

"மூணாவதுன்னு ஒண்ணுக்குப் பேர் வச்சாத்தான அறும்? அந்தப் பேரே வேண்டாம்" என்றேன். ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு என்று எண்ணினேன். அழகாக எண்ணிக்கொண்டே போய்க் கடைசிக் கம்பியில் நின்றேன். பதினொண்ணு!

"கடைக்காரரு ஒண்ணு கூடப் போட்டுருக்காரு. அதைச் சொல்லத்தான் நம்மளைச் சுத்திச் சுத்தி வந்துருக்காரு, பாவம்" என்றான் சிலுவை.

ஒன்று கூடக் கூடாது என்று சாமியார் சொல்லியிருக்கிறாரே. ஆகவே ஒன்றைக் கழற்றியாக வேண்டும். எங்கள் குழுவில் எதற்கெடுத்தாலும் சண்டை வரும். ஆனால் எந்தக் கம்பியைக் கழற்றுவது என்பதில் மட்டும் சண்டை வரவே இல்லை. மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்:

"மூணாவதை!"